ரன்டைம் கொழும்புல இருந்து வருது

அந்த வீட்டுல ஸ்ரீதரனுக்குன்னு இருந்தது ஒரே ஒரு கதிரைதான்.

மிச்சக் கதிரைங்கள்ல யாரு வேணும்னாலும் ஒக்காரலாம். ஈரத் துணியைப் போடலாம். வெங்காய பேக்கை வைக்கலாம். ஆனா ஹோல் மூலையில, கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால இருக்கிற சுத்துற கதிரை அவனோடது. சாயங்காலம் டவுன்ல இருந்து பஸ்ல நசுங்கி வந்து, அம்பிட்டிய ஏத்தத்துல மூச்சு வாங்கி, செருப்பைக் கழட்டிட்டு அதுல குந்தினான்னா, அதுக்கப்புறம் அவன் சாதாரண ஆளு இல்ல. இலங்கை டெஸ்ட் டீம் கேப்டன்.

கம்ப்யூட்டர் கேம்தான். ஆனா அவன்கிட்ட போய் அப்படிச் சொல்லிப் பார்க்காதீங்க. டீமுக்குள்ள தன் பேருலயே ஒரு பேட்ஸ்மேனை உண்டாக்கி, தொப்பையைக் கொறைச்சு, முடியைக் கூட்டி, மூணாம் நம்பர்ல எறக்கியிருந்தான். அந்த ஸ்ரீதரன் மெல்பர்ன்ல நூத்தி எண்பத்தேழு நாட் அவுட். இந்த ஸ்ரீதரன் ஹார்ட்வெயார் கடையில ஆணி நிறுத்துப் போடுற ஆளு. ரெண்டுல எந்த ஸ்ரீதரனா இருக்க ஆசைன்னு நீங்க கேக்கவே வேணாம்.

இப்படி ராஜாவா இருந்தவனுக்கு ஆபத்து டோஹாவுல இருந்து கார்கோவுல வந்துச்சு.

அவன் பொண்டாட்டி சஞ்சீவனியோட தங்கச்சி துஷானிக்கு அங்கதான் வேலை. அக்கா நல்லா தைப்பாளேன்னு ஒரு எம்ப்ராய்டரி மெஷினை வாங்கி அனுப்பிட்டா. கம்ப்யூட்டர்ல படத்தை வரைஞ்சு, பென் டிரைவ்ல ஏத்தி, மெஷின்ல செருகினா அதுவே தைச்சுத் தள்ளும். நம்ம பக்கத்துல ஒக்காந்து ப்ளேன்டீ குடிக்கலாம். படம் வரையிற புரோகிராமும் ஒரு பென்ல கூடவே வந்திருந்துச்சு.

மெஷினைப் பெட்டியில இருந்து எடுக்குறதுக்குள்ள ஆர்டரும் வந்திருச்சு. பக்கத்து மொண்டிசோரியில விளையாட்டுப் போட்டி. சின்னப் பிள்ளைங்களுக்கு அறுபது தொப்பி. ஒவ்வொரு தொப்பியிலயும் ஒரு குட்டி யானை.

"என்னங்க! அறுபது யானை!" சஞ்சீவனி வாசல்லயே புடிச்சுக்கிட்டா.

"கண்டியில யானைக்கு என்ன பஞ்சம்?"

"பகடி வேணாம். இதுதான் என் முதல் ஆர்டர். நல்லா வந்தா மத்த மொண்டிசோரிக்கும் சொல்றேன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. அந்தப் புரோகிராமை மட்டும் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்திருங்க. பகல்ல தைக்கிறேன். சாயங்காலத்துல ஒக்காந்து வரையிறேன்."

"சாயங்காலத்துல... எங்க ஒக்காந்து?"

"இதென்ன கேள்வி? இந்தக் கதிரையிலதான்."

மெல்பர்ன்ல மழை வந்த மாதிரி ஆயிருச்சு.

முடியாதுன்னு சொல்ல வழி இல்ல. ஏன்னா அந்த வீட்டுல கம்ப்யூட்டர் டாக்டர் அவன்தான். "ஹார்ட்வெயார்ல வேலை செய்ற ஆளுக்கு சாஃப்ட்வெயார் தெரியாதா?"ன்னு கல்யாணமான புதுசுல ஒரு தடவை சொல்லி வச்சான். அதை அவ நம்பினாளா, நம்புற மாதிரி இருந்தாளான்னு அவன் யோசிச்சதே இல்ல. யோசிச்சிருக்கணும்.

மறுநாள் அவனுக்கு லீவு. சஞ்சீவனி நூல் வாங்க டவுனுக்கு எறங்கினா. அவ குடை வளைவுல மறையிற வரைக்கும் பாத்துட்டு, ஸ்ரீதரன் ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பிச்சான். இந்த மாதிரிப் புரோகிராம் எப்படி ஓடுதுங்கிறது அவன் கவலை இல்ல. எப்படி ஓடாம இருக்கும்ங்கிறதுதான் கவலை. உலகத்துல எல்லாரும் ரிப்பேர் பண்ணத் தேடினாங்க, இவன் ஒருத்தன் ரிப்பேர் ஆக்கத் தேடினான்.

கெடைச்சிருச்சு. 'ரன்டைம்'னு ஒரு சாமான் இல்லைன்னா ஓடாதாம்.

கம்ப்யூட்டர்ல இருக்கிற புரோகிராம் வரிசையைத் தொறந்து பாத்தான். ஒரே பேருல ஒரு கூட்டமே குந்திக்கிட்டு இருக்கு. விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ், விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ், விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ். வருஷம் மட்டும் வேற வேற. அப்பா, சித்தப்பா, பெரியப்பா மாதிரி. யாரும் எந்த வேலையும் செய்ற மாதிரித் தெரியல. எல்லாத்தையும் குடும்பத்தோட வெளிய அனுப்பிட்டான்.

சஞ்சீவனி வந்ததும் அவளைப் பக்கத்துல நிக்க வச்சே பென்னைச் செருகினான். புரோகிராமைப் போட்டான். தொறந்தான். டொய்ங். ஒரு சின்னச் சதுரம், அதுல ஒரு சிவப்பு வட்டம். என்னமோ ஒரு ஃபைலைக் காணோம்னு போட்டிருந்துச்சு.

"என்னங்க போட்டிருக்கு? இருங்க, வாசிக்கிறேன்."

அவ வாசிக்கிறதுக்குள்ள ஓகேயை அமுக்கிட்டான். "ரன்டைம் இல்ல."

"அப்படின்னா?"

"அது ஒரு சாமான். அது இல்லாம இது ஓடாது."

"நஸீப் நானா கடையில இருக்குமா?"

"அங்க எல்லாம் இருக்காது. கொழும்புல இருந்துதான் வரணும்."

"கொழும்புல யாருகிட்ட?"

"நான் சொல்லி வச்சிருக்கேன்."

"இல்லைங்கிறதே இப்பதானே தெரியும். எப்ப சொல்லி வச்சீங்க?"

ஸ்ரீதரன் ஒரு நிமிஷம் கூரையைப் பாத்தான். "உனக்கு கம்ப்யூட்டர் விளங்காது சஞ்சீ."

அவ வாங்கிட்டு வந்த நூல் பேக்கை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. சாம்பல் நிறம், யானைக்கு. அப்புறம் உள்ள போயிட்டா.

அந்த நூல் பேக் அவனை ஒரு மாதிரி பண்ணுச்சுதான். ஆனா கதிரை காலியா இருக்கே. குந்தினான். ஒரு சுத்து சுத்தினான். இன்னும் பதிமூணு ஓட்டம், டபுள் செஞ்சரி. கிரிக்கெட்டை அமுக்கினான்.

டொய்ங்.

அதே சதுரம். அதே சிவப்பு வட்டம். அதே ஃபைலைக் காணோமாம்.

திரும்ப அமுக்கினான். டொய்ங். கம்ப்யூட்டரை அணைச்சுப் போட்டு, கும்புட்டு, அமுக்கினான். டொய்ங்.

பொண்டாட்டி வழியில வெட்டின குழியில தன் கேப்டனும் டீமோட விழுந்து கிடக்கிறது அப்பதான் அவனுக்கு விளங்கிச்சு.

தண்ணி டாங்கிக்குப் பின்னால போய் நஸீப்புக்கு ஃபோன் போட்டான். நஸீப் கீழ் வீட்டுக்காரர், பாயிஸா ராத்தாவோட புருஷன். சந்தியில ஃபோனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பண்ற கடை. ஸ்ரீதரனோட டாக்டர் பட்டமே அவரு ரகசியமா சொல்லிக் குடுத்ததுலதான் ஓடிட்டு இருந்துச்சு.

"நானா, ஒரு தப்பு நடந்து போச்சு."

"என்ன தம்பி, கொரல் அடங்கி ஈக்குது? செல்லுங்க."

சொன்னான். எல்லாத்தையும் சொன்னான். நஸீப் சிரிச்ச சிரிப்பு ஃபோன்லயும் கேட்டுச்சு, கீழ் வீட்டு ஜன்னல்லயும் கேட்டுச்சு.

"எல்லாத்தையும் கழட்டினீங்களா? தம்பி, புரோகிராம் எண்டா இந்த மாப்புளமார் மாதிரி. வந்து ஜம்முண்டு குந்தும். ஆக்கிப் போட, தண்ணி எடுத்துக் குடுக்க, உள்ளுக்கு ஒரு ஆள் வேணும். அதான் ரன்டைம். ஈக்கிற வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது. இல்லாமப் போனாத்தான் தெரியும்."

"சரி நானா, திருப்பிப் போட என்ன செய்ய?"

"உங்கட மெஷின் அறுவத்தி நாலு பிட்தானே? அப்ப அறுவத்தி நாலைப் போடுங்க, முடிஞ்சி."

"சஞ்சீவனிக்குத் தெரியக் கூடாது நானா. பாயிஸா ராத்தாகிட்டயும் சொல்லிராதீங்க."

"அவ இங்கதான் சீரியல் பாக்குறா. காதே கேக்காது."

ஸ்ரீதரன் அறுபத்தி நாலை எறக்கிப் போட்டான். டொய்ங்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, சஞ்சீவனி ஜன்னல் வெளிச்சத்துல குந்திக்கிட்டு இருக்கா. மடியில ஒரு மஞ்சத் தொப்பி. கையில ஊசி.

"என்ன சஞ்சீ இது?"

"என்ன பண்றது? ரன்டைம் வர்ற வரைக்கும் கையாலயாச்சும் தைப்போம். நாள் போகுதே."

"அறுபதையுமா?"

"பொறுப்பு எடுத்துட்டேன்ல." ஊசி குத்தின விரலை வாயில வச்சுக்கிட்டா. "என்னால உங்களுக்குத்தான் தொந்தரவு. கொழும்புக்கெல்லாம் கதைக்க வேண்டியிருக்கு."

அந்தச் சொல்லுக்குப் பதிலா அவ ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

"நீ எழும்பாத," ஸ்ரீதரன் சட்டைக் கையை மடிச்சான். "இன்னைக்கு நான் சமைக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், பருப்பு என்ன பெரிய பருப்பா?"

பெரிய பருப்புதான். மொத நாள் அடி பிடிச்சுச்சு. சட்டியைச் சுரண்டுறப்போ பருப்பு போயி அலுமினியம் வந்துச்சு. சஞ்சீவனி ஒரு சொல்லு சொல்லாமச் சாப்பிட்டா. "நல்லா இருக்குங்க"ன்னா. விரல்ல ப்ளாஸ்டர் சுத்திட்டுச் சோத்தைப் பிசையிற அவ கையைப் பாக்க முடியாம, ஸ்ரீதரன் கோப்பைகளை எடுத்துக்கிட்டு குசினிக்கு ஓடினான். அவன் பாத்திரம் கழுவுறதைப் பாத்த பக்கத்துத் தோட்டத்துப் பூனை கூட கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுத்தான் போச்சு.

ரெண்டாவது நாள் பருப்புக்கு ரம்பை இலை போட மறந்தான். மூணாவது நாள் ரம்பை மட்டும்தான் தெரிஞ்சுச்சு. தேங்கா துருவப் போயி விரலையும் துருவினான். காலையில எழும்பி வீடு கூட்டினான். அவளுக்கும் சேத்து டீ போட்டான். தன் சோத்துப் பார்சலைத் தானே கட்டினான். கட்டத் தெரியாம பஸ்ல பக்கத்துல இருந்த ஐயா மடியில பருப்பு வடிஞ்சு, சிங்களத்துல நல்லா வாங்கிக் கட்டினான். எல்லாம் இத்தனை வருஷமா யாரோ பண்ணிட்டு இருந்த வேலைதான். யாருன்னு அவன் பாத்ததே இல்ல.

சாயங்காலமானா அவ அந்த ஜன்னலுக்குக் கீழ. மஞ்சத் தொப்பி. ஊசி. யானையோட காது முடிஞ்சு தும்பிக்கைக்கு வர்றப்போ, "கண்ணு கொஞ்சம் எரியுதுங்க"ன்னு மெல்லச் சொல்லுவா. குசினிக்குள்ள நின்னு வெங்காயம் வெட்டிட்டு இருக்கிறவனுக்கும் கண்ணு எரியும். வெங்காயம் மட்டும் காரணம் இல்ல.

கிரிக்கெட்டை அவன் மறந்தே போனான்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்லக் கூடாது. ஆனா இப்ப ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால கம்ப்யூட்டரைப் போடுறது அவளுக்காகத்தான். ஏதோ ஒரு வெப்சைட்டுல, காணாமப் போன ஃபைல் எல்லாம் இலவசமாத் தர்றோம்னு போட்டிருந்துச்சு. எறக்கினான். அதுக்கப்புறம் கம்ப்யூட்டரைத் தொறந்தா முதல்ல ஒரு பொம்பளை வந்து வழுக்கைக்கு எண்ணெய் விக்கிறா. யானை வரல. நூத்தி எண்பத்தேழும் வரல.

திரும்பவும் தண்ணி டாங்கி.

"நானா, ஏலாது நானா. அவ கை எல்லாம் புண்ணு. இன்னைக்கே வந்து போட்டுக் குடுங்க. வீட்டுக்கு வந்து, அவ முன்னாலயே. நான் என்ன கேவலப்பட்டாலும் பரவாயில்ல."

மறுபக்கம் ஒரு குசுகுசுப்பு. அப்புறம் நஸீப் தொண்டையைச் செருமினாரு.

"தம்பி, பிரச்சினை என்னண்டா, உங்களுக்குத் தேவைப்படுற அந்த வருஷத்து ரன்டைம் எங்கிட்ட இல்ல."

"அப்ப?"

"கொழும்புல இருந்துதான் வரணும்."

ஸ்ரீதரன் அப்படியே டாங்கியில சாஞ்சுட்டான். தான் சொன்ன பொய்யே உண்மையாப் போச்சே. கடவுள் இருக்காருன்னு அன்னைக்கு நம்பினான். "எப்ப வரும் நானா?"

"சொல்லி வச்சிருக்கேன். பென்ல போட்டு பஸ்ல குடுத்து விடுறாங்களாம். கொழும்பு ரோட்டு கடுகண்ணாவையில ப்ளொக்காம்."

பஸ் வரல. அடுத்த நாளும் வரல. அந்த ரன்டைம் கொழும்புல இருந்து நடந்து வந்திருந்தாக்கூட வந்து சேந்திருக்கும்.

கடைசி நாள் சாயங்காலம். விடிஞ்சா தொப்பி குடுக்கணும். ஹந்தானை மலைப் பக்கம் மழை இருட்டிட்டு வருது. ஸ்ரீதரன் பருப்பை எறக்கி வச்சான். கையைத் துடைச்சான். சஞ்சீவனி முன்னால, தரையில குந்தினான்.

"சஞ்சீ, ஊசியைக் கொஞ்சம் கீழ வை."

"இருங்க, தும்பிக்கை முடியப் போகுது."

"வைம்மா. ஒண்ணு சொல்லணும். ரன்டைம் இல்லாமப் போகல. நான்தான் கழட்டினேன்."

அவ நிமிர்ந்து பாத்தா.

"கதிரைக்காக. அந்தப் பாழாப்போன கிரிக்கெட்டுக்காக. நீ டவுனுக்குப் போன நேரம் கழட்டிட்டேன். கொழும்பு எல்லாம் பொய். இல்ல, இப்ப நிஜம். ஆனா அப்ப பொய்." கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினான். "உன் முதல் ஆர்டரை நானே கெடுத்துட்டேன். எத்தனை முடிஞ்சிருக்கு? இருபது வருமா? நாளைக்கு நானே மிஸ்கிட்ட வந்து என் மேலதான் பிழைன்னு சொல்றேன். உனக்குக் கெட்ட பேரு வர விட மாட்டேன்."

சஞ்சீவனி மடியில இருந்த தொப்பியைக் கீழ வச்சா. அவ கண்ணுல ஏதோ பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் எழும்பிப் போய் அறையில அலுமாரியைத் தொறந்தா.

அலுமாரி நிறைய யானை. மஞ்சத் தொப்பி, பத்துப் பத்தா அடுக்கி, ஒவ்வொண்ணுலயும் சாம்பல் நிறத்துல ஒரு குட்டி யானை, தும்பிக்கையைத் தூக்கிட்டு. ஒரு நூலு பிசகல. மனுஷக் கையால அப்படித் தைக்க ஏலாது.

"இது... எப்படி?"

"பாயிஸா ராத்தா வீட்டு லேப்டாப்ல வரைஞ்சேன். நீங்க கடைக்குப் போன பிறகு மெஷின்ல போட்டேன். புதன்கிழமையே முடிஞ்சிருச்சு."

"ரா... ராத்தாவுக்குத் தெரியுமா?"

"நீங்க டாங்கிக்குப் பின்னால நின்னு கதைச்சப்போ நஸீப் நானா ஃபோனை லவுட்ஸ்பீக்கர்ல போட்டிருந்தாராம். ராத்தா சீரியலையே நிப்பாட்டிட்டாங்களாம், இது அதை விட நல்லா இருக்குன்னு."

"அப்ப அந்த அறுபத்தி நாலு?"

"அது போதாதாம். இந்தப் புரோகிராமுக்கு முப்பத்தி ரெண்டுதான் போடணுமாம். ப்ளேன்டீ ஆறுறதுக்குள்ள போட்டிரலாமாம். நஸீப் நானா மொத நாளே சொன்னாரு." கொஞ்சம் நிறுத்தினா. "எங்கிட்ட."

ஸ்ரீதரன் தொப்பியைப் பாத்தான். அவ மடியில இருந்ததை. ஜன்னலுக்குக் கீழ ஒவ்வொரு சாயங்காலமும் பாத்த தொப்பியை. அதே காது. அதே பாதித் தும்பிக்கை.

"அப்ப இது?"

"இது ஒண்ணுதான். காலையில பிரிச்சிருவேன். நீங்க பஸ்ஸை விட்டு எறங்குற நேரம் பாத்துத் திரும்பத் தொடங்குவேன்."

"அந்த ப்ளாஸ்டர்?"

கழட்டிக் காட்டினா. விரல் நல்லாத்தான் இருந்துச்சு.

வெளிய மழை விழ ஆரம்பிச்சுச்சு.

"கோபம் வரலியா சஞ்சீ?"

"வந்துச்சு. அன்னைக்கு ராத்தா வீட்டுல ஒக்காந்து அழுதேன். நூலை வச்சுக்கிட்டு நின்னேனே, அப்பவாவது உங்களுக்கு ஒரு மாதிரி இருந்திருக்காதான்னு." அவ தொப்பியைத் தடவினா. "மறுநாள் நீங்க போயி பாத்திரம் கழுவினீங்க. அழுகை நின்னு போச்சு."

அது ஒரு அறை. முன்ன விழுந்திருக்க வேண்டியது, இப்ப மெதுவா வந்து விழுந்துச்சு. ஸ்ரீதரன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவளைப் பாக்க முடியல. தரையைப் பாத்தான். நல்லா சுத்தமா இருந்துச்சு. காலையில அவன் கூட்டினதுதான்.

"தெரிஞ்ச அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா," மெல்லச் சொன்னான். "கேட்டிருந்தா அப்பவே மன்னிப்புக் கேட்டிருப்பேனே."

"அதுதான். மன்னிப்புக் கேட்டுட்டுக் கதிரையில ஏறிக் குந்தியிருப்பீங்க." சஞ்சீவனி ஊசியை நூல்கட்டையில குத்தி வச்சா. குசினிப் பக்கம் மூக்கைத் திருப்பி ஒரு தடவை இழுத்துப் பாத்தா. "பருப்பு இப்பதான் வாய்க்கு வந்திருக்கு. நாளையில இருந்து ரசம் பழகுவோம்."